பெலிசா வீட்டுச் சிப்பி

டிசம்பர் 11, வியாழன்

அறுபத்திரண்டு கரண்டி குறைகிறது. மூன்று முறை எண்ணிவிட்டேன். ஆகஸ்டிலிருந்து சந்தைச் சாப்பாட்டுக் கடைகளில் சொல்லிவைத்து, எறிகிற பிளாஸ்டிக் கரண்டிகளையெல்லாம் சாக்கில் சேர்த்து, கழுவி, பிடியை நறுக்கி, இதழ் இதழாக ஒட்டிக்கொண்டு வந்தால், நட்சத்திரத்தின் ஐந்தாவது முனை மொட்டையாக நிற்கிறது. திங்கட்கிழமை சாயங்காலம் தெருக்களுக்குள் கிறிஸ்துமஸ் விளக்குப் போட்டி. நாலு நாளில் அறுபத்திரண்டு பேர் சாப்பிட்டு எறிய வேண்டும் என்று எந்தப் புனிதரிடம் வேண்டுவது?

கடையில் வாங்கலாமே என்று எல்மர் விளையாட்டாகச் சொன்னான். அவன்தான் எங்கள் விளக்குக்கு ஒயர் இழுப்பவன். நான் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டான். வாங்கக் கூடாது என்ற விதியை ஊர்க் கூட்டத்தில் எழுதவைத்தவனே நான்தான். ஆறு வருஷத்துக்கு முன் மேட்டுத் தெருக்காரர்கள் கப்பலில் வேலை செய்யும் ஒருவனிடம் பணம் வாங்கி, நகரத்திலிருந்து செய்த விளக்கை இறக்கி ஜெயித்துவிட்டார்கள். அடுத்த வருஷமே நான் எழுந்து நின்றேன். விளக்கில் காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது, பல்பும் ஒயரும் பசையும் மட்டும் விலக்கு. அதற்குப் பிறகு நாலு வருஷம் எங்கள் கடலோரத் தெருதான் ஜெயித்தது.

டிசம்பர் 12, வெள்ளி

வாங்கிவிட்டேன். இரண்டு பாக்கெட். பக்கத்து ஊர்ச் சந்தையில், என்னைத் தெரியாத கடையில்.

நெனிதா பார்த்தாள். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவளிடம் எதை ஒளிப்பது? பிறகு அவளாகவே, வெள்ளை வெளேரென்று இருக்கிறது, காட்டிக்கொடுத்துவிடும் என்று சொல்லி, ஒரு குண்டான் கடுங்காப்பியில் ஊறப்போட்டாள். சாயங்காலம் எடுத்தபோது பத்து வாய் பட்ட கரண்டி மாதிரி ஆகிவிட்டன.

அறுபத்திரண்டு கரண்டியில் என்ன வந்துவிடப்போகிறது? மீதி எண்ணூற்றுச் சொச்சம் குப்பையிலிருந்து வந்ததுதானே.

டிசம்பர் 15, திங்கள்

ஜெயித்தாயிற்று. தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

கூடைப்பந்து மைதானத்தில் இரண்டு விளக்கையும் எதிரும் புதிருமாக நிறுத்தியிருந்தோம். எங்களுடையது எரிந்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பிறகு மேட்டுத் தெருக்காரர்கள் துணியை விலக்கினார்கள்.

சிப்பி. பழைய மாளிகைகளின் ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாகப் பதிப்பார்களே, அந்தத் தட்டைச் சிப்பி. உள்ளங்கையில் பாதியளவு மெல்லிய சதுரங்கள், நூற்றுக்கும் மேல், ஒன்றின்மேல் ஒன்று செதில் மாதிரி. உள்ளே பல்பு எரிந்தபோது பாலாடை நிறத்தில் மொத்த மைதானமும் வெளிச்சமானது. யாரும் கை தட்டவில்லை. கை தட்டத் தோன்றவில்லை. அந்த அமைதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, தோற்றோம் என்று.

அதன் பிறகு என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. முன்னால் போய், சிப்பி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பெலிசா அக்காதான் பதில் சொன்னாள். மேட்டின் உச்சியில் பேத்தியோடு இருக்கிற விதவை. அறுபத்தோரு வயது. கோயில் பாட்டுக் குழுவில் முதல் குரல் அவளுடையது. "எங்க வீட்டுலேருந்து வந்தது" என்றாள், அவ்வளவுதான்.

நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். ஆமாம், கூட்டத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். "எங்க வீட்டுல கோழி முட்டை போடுது. அக்கா வீட்டுல சிப்பி விளையுதாம்."

என்ன சிரிப்பு! மேட்டுத் தெருவிலேயே சிலர் சிரித்தார்கள். இவ்வளவு சிப்பி காசு கொடுக்காமல் எந்தக் கடலில் கிடைக்கும், விதி என்றால் எல்லாருக்கும் விதிதான் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். எங்கள் ஊர்த்தலைவர் ரொமுலோ சண்டை என்றாலே வேர்த்துப்போகிற மனுஷர். வீட்டுக்குப் போய் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாமா என்று அவளைக் கேட்டார்.

அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நாப்பது வருஷமா உங்க கூடத்தான் இருக்கேன் தலைவரே. என் வார்த்தை போதாது, வீட்டைத் திறந்து காட்டணும்னா, எனக்கு இந்த விளக்கே வேண்டாம்."

அதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆக்கிவிட்டேன். பார்த்தீர்களா, காட்டமாட்டாளாம் என்றேன். முடிந்தது. எங்கள் விளக்கு கோயில் வாசலுக்குப் போயிற்று. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் வரை அங்கேதான் தொங்கும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு முழுப் பன்றி வறுவல் விருந்து. அவர்கள் சிப்பி விளக்கைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு மேடேறிப் போனார்கள்.

ஜெயித்தவனுக்கு ஏன் தூக்கம் வரவில்லை?

டிசம்பர் 16, செவ்வாய்

கிறிஸ்துமஸுக்கு முன் வரும் ஒன்பதில் முதல் விடியற்காலைப் பூசை. நாலு மணிக்கே கோயில் நிரம்பிவிட்டது. என் விளக்கின் கீழே எல்லாரும் நுழைந்தார்கள், பத்துப் பேராவது என் தோளைத் தட்டினார்கள். பாட்டு மட்டும் எடுபடவில்லை, ஆளுக்கொரு சுருதி. பெலிசா அக்கா வரவில்லை.

பூசை முடிந்து வாசலில் சுடச்சுட அரிசி அப்பம் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

டிசம்பர் 17, புதன்

பார்த்துவிட்டேன்.

மேட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒருவர், தன் படகின் பக்கக் கட்டை நவம்பர் புயலில் முறிந்து கிடக்கிறது, வந்து பார் என்று கூப்பிட்டிருந்தார். படகுத் தச்சன் நான், போகாமல் முடியுமா? கடற்கரை வழியாக நடந்தேன். அந்தப் பக்கம் நாங்கள் யாரும் போவதில்லை. பெலிசா அக்கா வீட்டின் பின்புறம் அங்கிருந்துதான் தெரியும். கடலைப் பார்த்த பெரிய ஜன்னல் இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறது. காற்றில் படபடவென்று அடித்துக்கொள்கிறது. கீழே சுவரோரம் ஜன்னல் சட்டம் முறிந்து சாய்ந்து கிடக்கிறது. சின்னச் சின்ன மரக் கட்டங்கள், எல்லாம் காலி. ஓரத்தில் மட்டும் உடைந்த சிப்பித் துண்டுகள் பல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

புயலில் ஜன்னல் விழுந்திருக்கிறது. உடையாததையெல்லாம் யாரிடமும் சொல்லாமல் அவள் சேற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கழுவி எடுத்திருக்கிறாள். காசு கொடுக்காதது. எறியவேண்டியது. என் விதிக்கு என் விளக்கைவிட அவள் விளக்குதான் பொருத்தம்.

வீட்டுலேருந்து வந்ததுன்னு சொன்னாளே. சொன்னாளே, பாவி நான்தானே கேக்கல.

படகைப் பார்த்தேனா என்றுகூட நினைவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

பூசை முடிந்ததும் தலைவரிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துப் போனேன். அவர் பக்கத்தில் எல்மர் நின்றான். நாளைக்குச் சொல்லலாம்.

மீன் சந்தையில் ஒன்று நடந்தது. மீன்காரி ஒருத்தி, காலையில் பிடித்த மீன் என்று கூவினாள். வாங்க வந்தவன் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆமா ஆமா, பெலிசா வீட்டுச் சிப்பி மாதிரி" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மூன்றே நாளில் அவள் பெயர் பொய்க்கு மறுபெயராகிவிட்டது. இதை ஊரில் விட்டவன் நான்.

என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நானும் சிரித்தேன். அதுதான் தாங்கவில்லை. நானும் சிரித்தேன்.

டிசம்பர் 19, வெள்ளி

சொல்லவில்லை.

டிசம்பர் 20, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டேன், இரண்டு ஞாயிறு பூசைக்கு வரவில்லை, மச்சானைப் பற்றிப் புறம் பேசினேன் என்று வரிசையாகச் சொன்னேன். வேறு ஏதாவது உண்டா என்று சாமியார் கேட்டார். இல்லை என்றேன். மண்டியிட்ட இடத்திலேயே புதிதாக ஒரு பாவம். வெளியே வந்து தலைக்கு மேல் பார்த்தால் கரண்டி நட்சத்திரம்.

நெனிதாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். அந்த அம்மாவுக்கு ஜன்னல் செய்து கொடுத்துவிடுங்கள், சத்தம் போடாமல் முடிந்துவிடும் என்றாள். ஏன் எனக்கு இது தோன்றவில்லை! நல்ல நாரா மரப் பலகை இருக்கிறது. கையால் செய்கிற வேலை என்றால் எனக்குப் பயமே இல்லை. வாயால் செய்ய வேண்டியதுதான்...

டிசம்பர் 21, ஞாயிறு

அளவுகோலும் பென்சிலுமாக மேட்டுக்குப் போனேன். முன்வாசலில் சிப்பி விளக்கை மாமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பகல் என்பதால் எரியவில்லை. பெலிசா அக்கா வாசற்படியில் உட்கார்ந்து பேத்தி ஜெசாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பெண்ணை உள்ளே போகச் சொன்னாள்.

பின் ஜன்னல் விழுந்திருப்பதைப் பார்த்தேன், கூலி வேண்டாம், மரமும் என்னுடையது, வருஷப் பிறப்புக்குள் போட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். அவள் சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்ப பாத்த?"

"புதன்கிழமை, அக்கா."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

நான் தரையைப் பார்த்தேன்.

"அத்தனை பேரு முன்னாடி என்னைப் பொய்க்காரின்ன. இப்ப யாருமில்லாத நேரத்துல ஆணி அடிக்க வந்திருக்க. கடல் காத்து எனக்குப் பழக்கம்தான் சித்ரோ. ஜெசாவைப் பள்ளிக்கூடத்துல சிப்பிக்காரின்னு கூப்பிடறாங்க, அதுக்கு எந்தப் பலகையை அறைவ?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்திவிட்டு வந்திருப்பேன், எனக்கு அது சுலபம். போய்ட்டு வா என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எழுதும்போதே காது சுடுகிறது. ஐம்பத்தேழு வயது ஆகிறது எனக்கு.

டிசம்பர் 22, திங்கள்

வீடு வீடாகப் பாட வருகிற பிள்ளைகள் எங்கள் வாசலில் சோடா மூடித் தாளத்தைத் தட்டினார்கள். மேட்டுத் தெருப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஜெசா கடைசியில் நின்றாள், வாயைத் திறக்கவில்லை. எங்கள் தெருப் பையன் ஒருவன் அவளைப் பார்த்து, கோழி முட்டை போடுது, சிப்பி வீட்டில் விளையுது என்று அதே மெட்டில் கட்டிப் பாடினான். என் வார்த்தைக்கு மெட்டும் போட்டாயிற்று. நெனிதா வெளியே பாய்ந்து அவன் காதைப் பிடித்துத் திருகினாள். பிறகு உள்ளே வந்து என்னைப் பார்த்தாள். திருக வேண்டிய காது எது என்று அவளுக்குத் தெரியும்.

டிசம்பர் 23, செவ்வாய்

பன்றி விருந்து. தோல் மொறுமொறுவென்று வந்திருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். முதல் துண்டை எனக்கு வெட்டி வைத்தார்கள், நட்சத்திரம் செய்தவன் என்று. மென்றேன், மென்றுகொண்டே இருந்தேன். எல்மர் ஒரு சின்னப் பேச்சுப் பேசினான். நேர்மையாக ஜெயித்தோம் என்றான். பாவம், குறைந்த கரண்டியும் சந்தையில் பொறுக்கியது என்று நான் சொன்னதை நம்பியவன். மடியில் கனம் எனக்குத்தான்.

நாளைக்குக் கடைசி விடியற்காலைப் பூசை. ஒன்பது பூசையும் தவறாமல் போனால் வேண்டியது நடக்கும் என்பார்கள். எட்டு போய்விட்டேன். என்ன வேண்டினேன்? யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான். எட்டு நாளும் அதையே. இப்போதுதான் எழுதிப் பார்க்கிறேன், எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது.

டிசம்பர் 24, புதன்

சொல்லிவிட்டேன். அப்படியே நடந்தபடி எழுதி வைக்கிறேன், பின்னால் நானே மாற்றிச் சொல்லக் கூடாது.

நற்கருணை அப்பம் வாங்கி முடிந்ததும் சாமியார் வழக்கம்போல, ஏதாவது அறிவிப்பு உண்டா என்று கேட்டார். இளைஞர் ஆட்டம் பற்றிச் சொல்ல ஒருவன் எழுந்தான். அவனுக்கு முன்னால் நான் நடுப்பாதைக்கு வந்துவிட்டேன். கால் அதுவாக நடந்தது. மைக்கைப் பிடித்ததும் என் மூச்சே கோயில் முழுக்கக் கேட்டது.

"பெலிசா அக்கா சொன்னது நெசம். அது அவங்க வீட்டு ஜன்னல் சிப்பி. நவம்பர் புயல்ல விழுந்தது. போன புதன்கிழமை என் கண்ணால பாத்தேன். ஒரு வாரமா வாய மூடிட்டு இருந்தேன்."

யாரோ இருமினார்கள். அதோடு இறங்கியிருக்கலாம். அவள் பெயரைச் சுத்தமாக்க அது போதும். ஆனால் பாதிதான் சொல்கிறோம் என்று எனக்குத் தெரியுமே. எங்கள் விளக்கில்தான் கடையில் வாங்கியது இருக்கிறது, ஐந்தாவது முனையில் அறுபத்திரண்டு புதுக் கரண்டி, எல்மருக்கோ தெருவில் மற்றவர்களுக்கோ தெரியாது, நான் ஒருவன் செய்த வேலை என்றேன்.

பெண்கள் பக்கத்தில் பெஞ்சு நகர்கிற சத்தம். நெனிதா எழுந்து நின்றாள். ஒலிபெருக்கி இல்லாமலே கேட்டது.

"காப்பியில ஊறப்போட்டது நான்."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். அவள் உட்காரவில்லை. நானும் அவளும் கோயிலில் இரண்டு மூலையில், கல்யாணத்தன்றுகூட இத்தனை பேர் எங்களைப் பார்த்திருக்கமாட்டார்கள். சாமியார் கடைசி ஜெபத்தைத் தொடங்கினார்.

பெலிசா அக்கா கோயிலில் இல்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவள் கேட்கவில்லை. நான் மேட்டுக்கு ஓடலாமா என்று பார்த்தேன். எனக்கு முன்னால் ஊரே அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

வாசலில் எல்மர் வழிமறித்தான். "பன்னியைத் தின்னு செரிச்சாச்சு. இப்ப எதுக்கு இது? நேர்மையா ஜெயிச்சோம்னு நேத்துதான் நான் பேசினேன். என்னை என்னன்னு நெனைப்பாங்க?" அவன் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை.

டிசம்பர் 25, வியாழன்

பாலன் பிறந்த நாள். ஞானஸ்நானத்தில் நான் ஞானத்தகப்பனாக நின்ற பிள்ளைகள் பதினோரு பேர். வருஷா வருஷம் காலையிலேயே வரிசையாக வந்து என் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். நெனிதா பதினோரு பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். இரண்டு பேர் வந்தார்கள். மீதி ஒன்பது மேசைமேல் இருக்கிறது.

எங்கள் தெருவில் யாரும் திட்டவில்லை. திட்டினால் தேவலை. பார்க்கிறார்கள், திரும்பிக்கொள்கிறார்கள். நெனிதா கடைக்குப் போனபோதும் அப்படித்தானாம். உனக்கு ஏன் இந்த வேலை, நான் ஒருவன் என்றுதானே சொன்னேன் என்று அவளைக் கேட்டேன். குண்டான் என்னுடையதுதானே என்றாள். பிறகு இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம். ரொம்ப நாளுக்குப் பிறகு.

டிசம்பர் 26, வெள்ளி

தலைவர் ரொமுலோ வந்தார். இன்று காலை மேட்டுக்குப் போய், விளக்கைக் கோயில் வாசலில் மாட்டச் சம்மதிக்க வேண்டும் என்று பெலிசா அக்காவைக் கேட்டாராம். முதலில் முடியாது என்றாளாம். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். யாராவது கண்டுபிடித்து மடக்கியதால் சொன்னானா, தானாகச் சொன்னானா? தானாகத்தான், நாங்கள் யாரும் சந்தேகப்படவே இல்லை என்றாராம் தலைவர். அவள் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து, நாளைக்குக் காலை கொண்டுவருகிறேன் என்றாளாம்.

அப்படியானால் என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்டேன். அதையெல்லாம் நான் எப்படிக் கேட்கிறது என்று தலைவருக்கு வேர்த்துவிட்டது. விளக்குப் போட்டி வேலை எதிலும் இனி நீ இருக்க வேண்டாம் என்று ஊர்க்குழுவில் பேசியிருக்கிறார்கள் என்பதையும் போகிற போக்கில் சொன்னார். கோயில் ஏணி மழையில் இற்றுப்போய்விட்டதாம், பட்டறையிலிருந்து என் ஏணியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

டிசம்பர் 27, சனி

ஏழு மணிக்கு ஏணியோடு போய்விட்டேன். கரண்டி நட்சத்திரத்தை இறக்கித் தனியாக ஓரத்தில் வைத்தேன். சொன்னபடி கொடுத்துவிட்டுப் போகத்தான் நினைத்தேன். மேட்டுத் தெருக்காரர்கள் தள்ளுவண்டியில் விளக்கைக் கொண்டுவந்தார்கள். எல்மர் வந்தான், என்னைப் பார்க்கவில்லை, ஆனால் அவர்கள் விளக்குக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தான்.

மேலே ஏறிக் கொக்கியில் மாட்ட இரண்டு மூன்று பேர் முன்வந்தார்கள். பெலிசா அக்கா விடவில்லை. எந்தச் சிப்பி எப்படிப் பிடித்தால் உடையும் என்று தனக்குத்தான் தெரியும் என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஏணியைப் பிடிக்க ஆட்கள் வந்தார்கள். அவள் அவர்களைத் தாண்டி, சுவரோரம் நின்ற என்னைப் பார்த்தாள்.

"அவன் ஏணி. அவனே பிடிக்கட்டும்."

எல்லாரும் ஒதுங்கினார்கள். நான் வந்து இரண்டு பக்கக் கம்பையும் பிடித்தேன். அவள் ஒரு கையில் விளக்கை அணைத்துக்கொண்டு ஏறினாள். முதல் படி, இரண்டாவது, மூன்றாவது. அங்கே நின்றாள்.

"கை நடுங்குதா?"

"இல்லக்கா."

மேலே அசையாமல் நின்றாள். சிப்பிகள் ஒன்றோடொன்று கிலுகிலுவென்று இடித்துக்கொண்டன.

"நடுங்குதுக்கா" என்றேன்.

"சரி, கெட்டியாப் பிடி" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.